கீறல்களை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்

முதல் அநியாயம், ஜன்னலை அடைத்தது. கரிசல் காட்டுத் தூசி பிளாஸ்டிக்கில் பட்டால் கோடு விழும் என்று சொல்லி, மேகாற்று வருகிற மேற்குப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து ஆணியடித்தார்கள். இரண்டாவது, வளையல். கழற்றச் சொன்னார்கள், கழற்றினார்கள். புருஷன் உயிரோடிருக்கிற பெண்கள் மொட்டைக் கையோடு பஸ் ஏறினார்கள். தாலியை ஜாக்கெட்டுக்குள் போட்டு ஊக்குக் குத்தப் போனால் ஊக்கும் கீறும் என்று சொன்னதால் நூலால் தைத்துக்கொண்டார்கள். மூன்றாவது, நகம். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி ஞானசிகாமணி வாசலில் நகவெட்டியோடு உட்கார்ந்திருப்பார். சதை சிவக்கிற அளவுக்கு வெட்டிய பிறகுதான் உள்ளே விடுவார். நான்காவது, துணி. தேய்க்கிற துணியைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், ஆனால் நைந்ததாகக் கொண்டுவாருங்கள் என்றார்கள். பிள்ளை தூங்கின தொட்டில் சேலையும், செத்துப்போனவர்கள் கட்டின வேட்டியும் கிழிபட்டுக் கம்பெனி மேஜைக்கு வந்தன. ஐந்தாவது அநியாயம், துடைத்தெடுத்த கீறல்களை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற உத்தரவு.

வரிசை முக்கியம் என்பாள் வெள்ளத்தாய். அவள் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த வயதில், சுவரில் ஒட்டிய சங்கத்து நோட்டீசுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டினவள். அதனால் அவள் முதன்முதலாகப் படித்த சொல் அம்மா அல்ல, கண்டிக்கிறோம். நோட்டீசில் அநியாயங்களுக்கு எண் போட்டிருக்கும். ஐந்தாவதை முதலில் சொன்னால் எதிராளி ஐந்தாவதுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். ஒன்றிலிருந்து ஆரம்பித்தால்தான் அவனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. இப்படி எண்ணி எண்ணிச் சொன்னதற்காகவே கோவில்பட்டியில் அவளை வேலையை விட்டு நிறுத்தாத தீப்பெட்டி ஆபீஸ் இல்லை. சொத்தென்று அவளுக்கு மிஞ்சியது தொண்டை ஒன்றுதான். மைக் இல்லாமல் அவள் கோஷம் போட்டால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாடு திரும்பிப் பார்க்கும்.

கடைசியில் அவளைச் சேர்த்துக்கொண்டது பவுன்ராஜ். வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே உட்கார்ந்து தேய்க்கட்டும் என்று கணக்குப் போட்டவன் அவன். அவனுடைய மங்களம் நாணயப் பராமரிப்பு நிலையம் தொழிற்பேட்டையில் ஒரு பழைய தீப்பெட்டி ஷெட்டில் நடந்தது. வேலை இதுதான்: செல்லாக்காசு சேர்க்கிற பெரிய மனிதர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அந்தக் காசைக் கை படாமல் தட்டையான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, ராஜா பேரும் அப்பன் பேரும் ஊரும் அச்சடித்த சீட்டையும் உள்ளே வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டிவிடுவார்கள். திறந்தால் மதிப்புப் போய்விடும். கூட்டின் மேல் கீறல் விழுந்தால் ராஜாவின் முகம் தெளியாது, அதிலும் மதிப்புப் போய்விடும். ஆகவே கூட்டைத் திறக்காமல் கீறலை எடுக்க வேண்டும். வெள்ளைப் பசையைப் பட்டாணியளவு தொட்டு, கீறல் ஓடுகிற போக்கிலேயே முதலில் தேய்த்து, பிறகு குறுக்கே தேய்த்து, பிறகு வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். நகமும் போய் விரல் ரேகையும் வழுக்கிப்போனவர்கள் ஆகையால், கீறல் போய்விட்டதா என்று கூட்டைக் கீழுதட்டில் இழுத்துப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வரிசையாக உட்கார்ந்து ராஜாக்களுக்கு முத்தம் கொடுப்பது போலிருக்கும்.

"நம்ம ரேசன் கார்டுல இருக்கிற மூஞ்சி ஆணா பொண்ணான்னு தெரியல, செல்லாக்காசுக்கு இம்புட்டுச் சீராட்டு," என்பாள் வெள்ளத்தாய்.

ஓர் ஆடி மாதத்தில் கீறல்கள் சாவதை நிறுத்தின. அதுவரை தேய்த்தால் மறைந்தவை, அன்றிலிருந்து தேய்த்தால் கழன்று வந்தன. தலைமயிர் போல, ஆனால் நிறமில்லாமல், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிறபடி துணியில் கிடந்தன. முதலில் பார்த்த அன்னத்தாய் அதைப் பொறுக்கிப் பக்கத்து மேஜை வெள்ளத்தாயிடம் காட்டி, "மதினி, இது கீறலா, என் நரைமுடியா?" என்று கேட்டாள். வெள்ளத்தாய் வாங்கி விரலில் சுற்றிப் பார்த்து, "கீறல்தாம்ட்டி. நரைன்னா இந்நேரம் உன் மாமியா உன் மேல கேசு போட்டிருப்பா," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஆச்சரியப்பட நேரமில்லை. சாயங்காலத்துக்குள் அந்தத் தட்டு முடிந்தாக வேண்டும்.

பிரச்சனை அதை எங்கே போடுவது என்பதில்தான் வந்தது. தரையில் போட்டால் எழுந்து பளபளப்பான ஏதாவதொன்றைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. பவுன்ராஜின் புதுக் காரில் ஒரு கொத்து ஒட்டிய மறுநாள்தான் ஐந்தாவது உத்தரவு வந்தது. கீறலை எடுத்தவளே கீறலுக்குப் பொறுப்பு. கீறினவன் பொறுப்பில்லை, கீறலை எடுக்கச் சொல்லிக் காசு வாங்கினவன் பொறுப்பில்லை, எடுத்தவள் பொறுப்பு. உலகத்தில் சட்டங்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பது வெள்ளத்தாய்க்குப் புதிதல்ல.

ஆகவே பெண்கள் கீறல்களைக் காலி பவுடர் டப்பாக்களில் அடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்கள். டப்பாவிலிருந்து தப்பினவை பஸ் கண்ணாடியில் ஒட்டின, கண்டக்டரின் விசிலில் ஒட்டின, வீட்டில் எவர்சில்வர் தூக்குச்சட்டியிலும் டிவியிலும் பீரோக் கண்ணாடியிலும் ஒட்டின. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வழுக்கைத் தலையில் குறுக்குக் கோடாக ஒட்டி, தெருப் பிள்ளைகள் அவருக்கு பூஜ்யம் மார்க் அடித்துப் போட்டதாகச் சொல்லிச் சிரித்தன. நகராட்சிக் குப்பை வண்டிக்காரி டப்பாவை வாங்க மறுத்தாள்.

"மக்குற குப்பையா, மக்காத குப்பையா?"

"ரெண்டும் இல்ல தாயி, கீறல்."

"அப்ப மூணாவது கூடைக்கு ஆபீசுல எழுதிக் கேளுங்க. நான் என் மேல கொட்டிக்கிடவா?"

ஊர் இதையும் பழகிக்கொண்டது. ஊர் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை? தண்ணீர் பத்து நாளைக்கொரு முறை வருவதைப் பழகிக்கொண்ட ஊருக்குக் கீறல் பெரிதில்லை. மண்ணில் கீறல் ஒட்டாது என்று கண்டுபிடித்தார்கள். மண்சட்டிக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மண்கலயத்தில் போட்டு எடுத்துப்போனார்கள். புது எவர்சில்வர் வாங்கினவர்கள் திருஷ்டிக்கு என்று தாங்களே ஒரு கீறலை ஒட்டி வைத்துக்கொண்டார்கள், கண்ணேறுக்கு அது நல்லது என்று ஒரு ஜோசியர் சொன்னதால்.

ஆவணியில் வடக்குத்தெருக் காளியம்மன் கொடைத் திருவிழாவில்தான் அடுத்த விஷயம் தெரிந்தது. கொடைக்கு உபயம் செய்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பது அங்கே வழக்கம். சாமி ஆடுவது கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், பெயர் ஒன்று விட்டுப்போனால் வெட்டுக்குத்து. அம்மன் முன்னால் வைத்திருந்த கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல் ஒட்டியிருந்தது. "கடலைமிட்டாய்க் கடை பரமார்த்தலிங்கம்" என்று மைக்கில் வாசித்ததும் அந்தக் கீறல் கண்ணாடியிலிருந்து எழுந்தது. கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு நூல் போல மிதந்தது. முன்வரிசையில் கைகட்டி நின்றிருந்த பரமார்த்தலிங்கத்தின் நெற்றியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் தடவிப் பார்த்துவிட்டு அம்மன் காலில் விழுந்தார். கடைக்கு வந்த ஒரு காசு சேகரிப்பாளர் ஒன்றுக்கும் உதவாத காசைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசியதால், எரிச்சலில் மிட்டாய் வெட்டுகிற கத்தி நுனியால் அந்தக் கூட்டில் ஓர் இழுப்பு இழுத்ததாக அழுதுகொண்டே சொன்னார்.

ஆக, சாட்சிகள் நிற்க, கீறினவன் பெயரை உரக்க வாசித்தால் கீறல் அவனிடமே போய்விடும். ஊரே வாசிக்க ஆரம்பித்தது. தெருத்தெருவாகப் பெயர்கள் கேட்டன. கீறல்கள் காக்கை போலக் கூட்டம் கூட்டமாகச் சொந்தக்காரர்களிடம் திரும்பின. வெளியூர்க்காரர்களுடையவை பஸ் ஸ்டாண்டு பக்கமாகப் பறந்தன. ஆனால் தப்பான பெயரை வாசித்தவனை அந்தக் கீறல் சும்மா விடவில்லை. நேராக வந்து அவன் தொண்டையில் இறங்கியது. அதற்குப் பிறகு அவன் பேச்சு கீறல் விழுந்த ரெக்கார்டு ஆகிவிட்டது. வாசித்த பெயரிலேயே சிக்கித் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

இதனால் எல்லோரும் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல முடியாது. ஆகாத பங்காளியைக் காட்டிக்கொடுக்கப்போன ஒரு கண்டக்டர், சாத்தூர்க்காரன் என்று ஆரம்பித்ததிலேயே சிக்கி, சாத்தூர் சாத்தூர் சாத்தூர் என்று நின்றுவிட்டான். அவன் வண்டியில்தான் கூட்டம் அதிகம். மேடைப் பேச்சாளர் ஒருவருக்கும் சிக்கியதாகச் சொன்னார்கள். அவர் பேச்சைத் தொடர்ந்து கேட்டவர்களால் எப்போதிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. மாமியார் பெயரை வாசித்த மருமகள்கள் இரண்டு பேருக்குப் பாதிக் கீறல் போய்ப் பாதிக் கீறல் தொண்டையில் இறங்கியது. அதை ஊர் நியாயமான தீர்ப்பு என்று ஒத்துக்கொண்டது. மெல்ல மெல்ல ஜனங்கள் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதையே விட்டுவிட்டார்கள். அது என்ன புதுசா என்றாள் வெள்ளத்தாய்.

ஐப்பசியில் கொடுக்காம்பாறைக் காசு வந்தது.

கொடுக்காம்பாறை என்பது ஒரு குன்றும் இரண்டு குளமும் கொண்ட சமஸ்தானம். அதன் ராஜா ஒரே ஒரு தடவை தன் முகம் போட்ட காசு அடித்தார். அதை அரண்மனைச் சமையல்காரனே வாங்க மாட்டேன் என்றதால் அடித்ததையெல்லாம் உருக்கிவிட்டார்கள். தப்பிய காசு ஒன்றே ஒன்று. ஒருவரும் வாங்காததாலேயே அதற்கு விலை மதிக்க முடியாது. அதைச் சென்னையில் ஒரு கண் டாக்டர் வைத்திருந்தார். கூட்டில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கின்றன, கண்காட்சிக்கு முன்னால் எடுத்துக் கொடுங்கள் என்று ஆள் மூலம் அனுப்பினார். அன்னத்தாய் கை பூப்போன்ற கை என்பதால் அவள் மேஜைக்கு வந்தது. பூப்போலத்தான் தேய்த்தாள். சின்னக் கீறல்கள் கழன்று வந்தன. மறுநாள் காலையில் பார்த்தால், ராஜாவின் மூக்கிலிருந்து கூட்டின் ஓரம் வரைக்கும் முன்பு இல்லாத ஒரு பெருங்கீறல் ஓடியது. பசை எதற்கும் அது அசையவில்லை.

பவுன்ராஜ் அன்னத்தாய்க்குக் குற்றப் பத்திரிகை கொடுத்தான். நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை. தொழிற்பேட்டையில் கீறினவள் என்று பேர் விழுந்தவளை வாசல் பெருக்கக்கூடச் சேர்க்க மாட்டார்கள். அன்னத்தாயின் புருஷன் லாரியோடு வடக்கே போனவன், லாரி மட்டும் திரும்பி வந்தது. அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இருந்தது அந்தக் கையும் அந்தக் கைக்கு இருந்த பேரும்தான்.

"மதினி, நான் கீறவே இல்ல."

"நீ கீறுவியாட்டி? உன் தோசையிலகூட ஓட்டை விழாதே," என்றாள் வெள்ளத்தாய். "விசாரணை வைக்கட்டும். சாட்சிகளுக்கு முன்னால பேரை வாசிச்சாகணும்ல? வாசிக்கட்டும் பாப்போம்."

அங்கேதான் கம்பெனி மாட்டிக்கொண்டது. உள்விசாரணை என்றால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரை விசாரணை அதிகாரி உரக்க வாசிக்க வேண்டும், அது சட்டம். தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த வக்கீல் சவரிராயன் பத்திரிகையைக் கையில் வாங்கி, கீறலைப் பார்த்து, ஷெட்டில் கூடியிருந்த சாட்சிகளைப் பார்த்து, மறுபடி மேஜையில் வைத்துவிட்டார்.

"பவுன்ராஜ், எனக்குத் தொழிலே வாய்தாம்யா. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லும்."

பவுன்ராஜுக்குத் திடீரென்று பல்வலி வந்துவிட்டது. கடைசியில் மேஸ்திரி ஞானசிகாமணி எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னத்தாய்" என்று வாசித்தார். பெருங்கீறல் கூட்டிலேயே கிடந்தது, ஆனால் அதிலிருந்து ஒரு சிலும்பு பிரிந்து வந்து அவர் வாய்க்குள் போனது. "அன்னத்... அன்னத்... அன்னத்..." என்றார் மேஸ்திரி. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "அன்னத்" என்றார்.

"பாத்தீகளா! அவ கீறவே இல்லன்னு ஆயிருச்சுல்ல?" என்று வெள்ளத்தாய் எழுந்தாள்.

"என்ன ஆயிருச்சு? அவருக்கு அது பழைய இருமல்," என்றான் பவுன்ராஜ்.

"இருமல்ல எங்கயாவது அன்னத்தாய் பேரு வருமா தம்பி?"

"வெள்ளத்தாயக்கா, ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவ இல்லைன்னா யாரு? அடுத்த விசாரணையில நீங்களே வாசிங்க. சரியா வாசிச்சு கீறல் போயிட்டா, அவ மேல இருக்கிற குற்றப் பத்திரிகைய இந்தச் சாட்சிகளுக்கு முன்னால கிழிச்சிருதேன். தப்பா வாசிச்சா அவளும் வெளிய, நீங்களும் வெளிய. தொண்டை ஒங்க பாடு."

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பெண்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான் வாயில் வந்தது. பவுன்ராஜ் கையில் கல்மோதிரங்கள் மின்னும். வளையலைக் கழற்றச் சொன்னவன் தன் மோதிரத்தைக் கழற்றினதில்லை. கொடுக்காம்பாறைக் காசைத் தட்டிலிருந்து எடுத்து எடுத்து வருகிறவர்களுக்குக் காட்டினவனும் அவன்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெள்ளத்தாய்க்கு உள்ளுக்குள் திருவிழாவாக இருந்தது. ஆயுசு முழுக்க விசாரணைகளில் அவள் பெயரைத்தான் மற்றவர்கள் வாசித்திருக்கிறார்கள். வெள்ளத்தாய், கலகம் செய்தாள். வெள்ளத்தாய், கேட்டை மறித்தாள். வெள்ளத்தாய், மேலாளரை நாய் என்றாள். அது ஒன்று மட்டும் தப்பு, கழுதை என்றுதான் சொன்னாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு முதலாளியின் பெயரைச் சாட்சிகள் நிற்க, எழுத்துப் பிசகாமல், ரயில்வே கேட் வரை கேட்கும்படி வாசித்துவிட்டால் போதும். தோசை சுடுகையில் வாசித்துப் பார்த்தாள். துணி பிழிகையில் வாசித்துப் பார்த்தாள். அது அவளுக்கு வெற்றிலை பாக்கு மாதிரி வாயில் ஊறியது.

விசாரணையன்று காலையில் அவள் ஒரு கோரிக்கை வைத்தாள். வாசிக்கப்போகிறவருக்குச் சான்றுப் பொருளைச் சோதிக்க உரிமை உண்டு. இது பழைய நோட்டீஸ் ஒன்றில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. வக்கீல் தலையாட்டினார். கூட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வழக்கப்படி அதைக் கீழுதட்டில் வைத்து இழுத்தாள்.

வழுக்கிக்கொண்டு போனது.

மறுபடி இழுத்தாள். திருப்பிப் பிடித்துப் பின்புறத்தை இழுத்தாள். உதட்டில் ஒன்றுமே தட்டவில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற கீறல் உதட்டுக்கு இல்லை. அன்னத்தாயைக் கூப்பிட்டு, "நீ இழுத்துப் பாத்தியாட்டி?" என்று கேட்டாள். "இல்ல மதினி, கண்ணுக்கே அம்புட்டுப் பெருசாத் தெரியுதேன்னு இழுக்கல," என்றாள் அன்னத்தாய். அவளும் இழுத்துப் பார்த்து முழித்தாள். கீறல் கூட்டின் வெளியே இல்லை. உள்ளே இருந்தது. யார் மோதிரமும், யார் துணியும், யார் நகமும் போகாத, ஒட்டி மூடிய உள்ளே.

வெள்ளத்தாய் பூதக்கண்ணாடியை வாங்கி ராஜாவைப் பார்த்தாள். கொண்டை வைத்த தலைப்பாகை, முறுக்கு மீசை, மார்புக்கு நேரே தூக்கிய வலது கை. அந்தக் கையின் சுண்டுவிரலில் ஒரு விரற்கடை நீளத்துக்கு நகம் வளர்த்திருந்தார், வேலை செய்யாத கை என்று ஊருக்குக் காட்டுவதற்காக. அந்த நகத்தின் அடியில் வெள்ளையாகப் பிளாஸ்டிக் பொடி அப்பியிருந்தது.

அவள் பூதக்கண்ணாடியை இறக்கினாள். வெற்றிலைச் சாறு முழுக்க வாயில் நிற்கும்போது துப்பச் சொன்னது போலிருந்தது. பவுன்ராஜ் இல்லை. ஜன்னலை அடைத்தது அவன், வளையலைக் கழற்றினது அவன், நகத்தை வெட்டினது, துணியைப் பிடுங்கினது, கீறலைச் சுமத்தினது எல்லாம் அவன். இது மட்டும் அவன் இல்லை. அவனுடைய எல்லாக் குற்றத்துக்கும் சாட்சி இருந்தும் வாசிக்க ஒரு மேடை கிடைக்கவில்லை. மேடை கிடைத்த அன்றைக்கு அவன் செய்யாத குற்றம்தான் கையில் இருக்கிறது. வாசித்துவிடலாம். தொண்டை போனால் போகட்டும், சாகிற வரைக்கும் பவுன்ராஜ் பவுன்ராஜ் என்று கத்திக்கொண்டிருப்பதும் ஒரு போராட்டம்தான். ஆனால் அன்னத்தாய் வெளியே போவாள்.

"பாவம் மதினி," என்று அன்னத்தாய் காதோடு சொன்னாள். "மூச்சு முட்டி வெளிய வரப் பாத்திருக்காரு."

"பாவமாம் பாவம்! வெளிய வரணும்னா முறையா எழுதிக் கேக்கணும். ராவோட ராவா சுவத்தைச் சுரண்டிட்டு உன் தலையில போடுவாரா? சீட்டுல பேரு என்ன போட்டிருக்கு, அதை மெதுவா வாசி."

மற்ற பெண்களிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. ஷெட் நிறைந்துவிட்டது. பக்கத்துக் கம்பெனி ஆட்கள் மதில் மேல் உட்கார்ந்திருந்தார்கள்; டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டே வந்திருந்தார்; சங்கத்துப் பழைய ஆட்கள் இரண்டு பேர் பவுன்ராஜ் ஒழிக என்று சொல்லத் தயாராக முன்னால் நின்றார்கள். பவுன்ராஜ் விரல்களில் மோதிரம் இருந்த இடமெல்லாம் கட்டுப் போட்டிருந்தான். வழவழப்பில் கீறல் நிற்காது என்று யாரோ சொன்னதை நம்பி முகம் முழுக்க நல்லெண்ணெய் தடவியிருந்தான். தான் கீறவில்லை என்று அவனுக்கே நிச்சயம் இல்லை. எத்தனையோ செய்திருக்கிற மனிதனுக்கு எதைச் செய்யவில்லை என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

வெள்ளத்தாய் எழுந்து நின்றாள். கோர்ட்டில் டவாலி கூப்பிடுகிற முறைப்படி மூன்று தடவை வாசிப்பேன் என்றாள். வக்கீல் ஒத்துக்கொண்டார். அவள் மூச்சை இழுத்தாள். பவுன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"கொடுக்காம்பாறை சமஸ்தானம், ராஜாதிராஜ மகாமண்டலேஸ்வர துஷ்டநிக்ரக சிஷ்டபரிபாலன ரணகேசரி மகாராஜா குப்பாண்டி!"

 கீறல் அசையவில்லை. அவள் தொண்டையில் எதுவோ உரசுவது போலிருந்தது, எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

பவுன்ராஜ் ஒரு கண்ணைத் திறந்தான். "யாரு?" என்றான்.

"அந்தக் காசுல இருக்கிற ஆளு," என்றார் வக்கீல், பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. "ஆனா கீறல் போகலையேம்மா."

"எப்படிப் போகும்? பாதிக்கு மேல பட்டம்ல வாசிச்சிருக்கேன்," என்றாள் வெள்ளத்தாய். "என்னைய விசாரிச்சப்ப எவனாவது தோழர், வீராங்கனைன்னு சேத்து வாசிச்சானா? ஊரு, தெரு, அப்பன் பேரு, எம்பேரு. அம்புட்டுத்தான். குற்றவாளிக்கு ஏதுய்யா பட்டம்? குப்பாண்டின்னா என்ன அர்த்தம், முன்னால பொறந்ததெல்லாம் செத்து, இதாவது தங்கட்டும்னு குப்பையில உருட்டி எடுத்த பிள்ளை. எங்க தெருவுலயும் ரெண்டு குப்பாண்டி இருக்கானுக. அப்படியே கூப்பிடுதேன்."

அவள் சீட்டைப் பார்த்து இரண்டாவது தடவை வாசித்தாள். "கொடுக்காம்பாறை, அரண்மனைத் தெரு, முத்துவீரன் மகன் குப்பாண்டி!"

கூட்டின் ஓரத்திலிருந்த நுனி எழுந்தது. பாம்புக்குட்டி தலை தூக்குவது போலத் தூக்கி, பிளாஸ்டிக்கை விட்டு விலகி, உள்ளேயே மிதந்து, ராஜாவின் கன்னத்துக்கு நேராக வந்து நின்றது. மதில் மேல் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள்.

பவுன்ராஜுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் புத்தியும் வந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க! முகத்துல கோடு விழுந்தா அந்தக் காசு செல்லாமப் போயிரும்! டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அது என்னைக்குத் தம்பி செல்லுச்சு? சமையக்காரனே வாங்கலையாமே."

"வக்கீல் சார், இந்தம்மாவுக்குச் சிக்கிருச்சு! ரெண்டாவது தடவையும் குப்பாண்டிங்காக பாருங்க! மறுபடியும் குப்பாண்டின்னா ரெக்கார்டு சிக்கிருச்சுன்னுதான் அர்த்தம்! எழுதிக்கிடுங்க!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நியாயமான சந்தேகம்தான். முறைப்படி மூன்று தடவை கூப்பிடுகிறவளையும் தொண்டையில் சிக்கிச் சொன்னதையே சொல்கிறவளையும் வெளியிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது? மூலையிலிருந்து மேஸ்திரி ஞானசிகாமணி, "அன்னத்," என்று கவலையோடு சொன்னார். அன்னத்தாய் வெள்ளத்தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, வேற ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்க மதினி."

வெள்ளத்தாய் வேறு வார்த்தை பேசினாள். டீக்கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள். அண்ணாந்து குடித்தாள். பவுன்ராஜைப் பார்த்து, "பத்திரிகையை எடுத்துக் கையில வச்சுக்கோ, கிழிக்கணும். எண்ணெய்க் கையைத் தொடச்சிட்டு எடு," என்றாள். பிறகு சாட்சிகள் பக்கம் திரும்பி, எல்லோரும் கேட்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்து, கூட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி வாசித்தாள்:

"கொடுக்காம்பாறை, அரண்மனைத் தெரு, முத்துவீரன் மகன் குப்பாண்டி!"